முழு முகவரியோடு ஒரு வேண்டுதல்

ஜனவரி 12

என் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். உன் கண் எப்படி இருக்கிறது? ஊசியில் நூல் கோர்க்க இன்னும் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறாயா?

முதலில் பிள்ளைகள் சேதி. மூத்த பேத்தி கணக்கர் பரீட்சையில் இரண்டாம் கட்டத்தையும் முதல் தடவையிலேயே தாண்டிவிட்டாள். அவளோடு எழுதிய பதினொரு பேரில் ஒன்பது பேர் அவுட். நடுப் பேத்தி நூறு மீட்டர் ஓட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கே முதல். கோப்பையை நான்தான் தினமும் துடைக்கிறேன், மருமகள் துடைத்தால் கீறல் விழுகிறது. கடைக்குட்டிப் பேத்திக்கு ஐந்து வயசுதான், நூறிலிருந்து ஒன்று வரை பின்பக்கமாகச் சொல்கிறாள். எதற்கு என்று கேட்காதே, சொல்கிறாள்.

பெரிய சேதியைக் கடைசியில் வைத்தேன். நம் பெரியவன், என் மூத்த பேரன், இருபத்தாறு வயசில் பிரார்த்தனைக் கூடத்தில் சீட்டு வாசிப்பவன் ஆகிவிட்டான். இத்தனை வருஷம் தலை நரைத்தவர்கள் மட்டும் நின்ற இடம் அது. வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் ஜனங்கள் தங்கள் குறையை எழுதிப் போடுவார்கள். இவன் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பான். முந்நூறு பேரும் ஒரே குரலில் ‘கருணை காட்டும்’ என்பார்கள். அவன் சேர்ந்து மேடையேறிப் பேசும் கட்சியில் அவன் குரலுக்கு ‘வெண்கலம்’ என்றே பேர் வைத்திருக்கிறார்களாம்.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். நாம் தபால்காரர் பெண்கள் அல்லவா. சின்ன வயசில் நாம் சீட்டு எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று என்ன சொல்வார்? “ஏம்மா, கதவு நம்பர் எங்க? தெரு எங்க? ஊருல ஆயிரம் பேருக்குக் காய்ச்சல். கடவுள் எந்தக் கதவத் தட்டுவாரு?” நீ சிரிப்பாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அப்பா சொன்னதெல்லாம் எனக்குச் சத்தியம். இன்றுவரை முழு முகவரி போடாமல் நான் ஒரு வேண்டுதல் எழுதியதில்லை.

உன் போன கடிதம் ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. தனிக்கட்டைக்கு அப்படி என்ன வேலை? விவரமாக எழுது.

உன் அக்கா

-

ஜனவரி 30

அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் மறக்காதே. நூல் கோர்க்க இப்போது வேறு ஆள் கிடைத்திருக்கிறது. சின்னக் கண், கூர்மையான கண். அதைப் பிறகு எழுதுகிறேன்.

பேத்திகளுக்கு என் முத்தம். கடைக்குட்டியை அடுத்த தடவை ஆயிரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல், உனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

ஆஸ்பத்திரித் தையல் அறையிலிருந்து நான் ஓய்வுபெற்று ஐந்து வருஷம் ஆகிறது. ஆனாலும் தலையணை உறை தைக்கத் துணிக்கட்டை என் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். நான் தைத்தால் பிரியாதாம். பாராட்டா, தண்டனையா தெரியவில்லை.

பெரியவனுக்கு என் ஆசி. அவன் மேடைப் பேச்சை இங்கே டீக்கடை டிவியில் காட்டினார்கள். நல்ல குரல்தான். ‘இரக்கம்’ என்று பதினேழு தடவை சொன்னான், எண்ணிக்கொண்டிருந்தேன். யார்மேல் என்றுதான் எனக்குப் புரியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஓர் உதவி. நடுப் பேத்தி ஆறு வயசில் போட்ட கவுன்கள் பெட்டியில் கிடந்தால் பார்சல் போடு. துணி தேவைப்படுகிறது.

உன் தங்கை

-

பிப்ரவரி 16

என் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஒத்தடம் கொடுக்கிறேன், வலியும் இருக்கிறது, இரண்டும் சமாதானமாகப் போய்விட்டன. நீ சுகமா?

நான்கு கவுன் அனுப்பியிருக்கிறேன். துணி வேண்டுமாம் துணி. ஆறு வயசுக் கவுனை வெட்டி ஆஸ்பத்திரித் தலையணைக்கு உறை தைக்க முடியாது என்று எனக்குக்கூடத் தெரியும். உன் வீட்டில் யார் இருக்கிறது?

யார்மேல் இரக்கம் என்று கேட்டாயே, அவனிடமே கேட்டேன். “பாட்டி, வீட்டுல இருக்கறது ஒரே விளக்கு. அதைக் கொண்டுபோய் வாசல்ல வெச்சா தெருவுக்கு வெளிச்சம், உள்ள நம்ம பிள்ளைங்க தடுக்கி விழும். முதல்ல உள்ள வைக்கணும். அதுதான் இரக்கம்” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தூக்கி வளர்த்த வாய் அது.

எல்லாம் அந்த அக்கரைக்காரர்கள் சமாசாரம்தான். தாத்தா காலத்தில் ஆற்றைத் தாண்டி வந்த குடும்பங்களாம். அந்தக் காலத்திலேயே இங்கே இருந்ததற்குக் காகிதம் காட்ட முடியாதவர்களைச் சட்டப்படி ‘அரவணைப்பு இல்லம்’ கொண்டுபோகிறார்கள். பெயரே எவ்வளவு நன்றாக இருக்கிறது பார். படுக்கை, சாப்பாடு எல்லாம் உண்டாம். எங்கள் தெருவில் செருப்புத் தைக்கிறவரும் அக்கரைக்காரர்தானாம், முப்பது வருஷமாக எனக்குத் தெரியாது. கடை பூட்டிக் கிடக்கிறது. என் இடது கால் செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டது.

மழுப்பாமல் பதில் எழுது.

உன் அக்கா

-

மார்ச் 4

அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் வீட்டார் நலம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. படித்ததும் கிழித்துவிடு.

கவுன் நான்கும் பொருந்தின. மறைத்தால் நீ இன்னும் பெரிதாகக் கற்பனை செய்வாய், அதனால் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் ஒருத்தி. சலவையிலிருந்து வரும் போர்வைகளை மடிப்பது அவள் வேலை. நாங்கள் அவளை ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடுவோம். நாலே அசைவு, போர்வை புத்தகம் மாதிரி உட்காரும். அவள் அக்கரைக்காரி. அவள் அம்மாவே இங்கே பிறந்தவள், ஆனால் காட்டக் காகிதம் இல்லை. டிசம்பரில் புருஷனை வேலை செய்த இடத்திலிருந்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவள் மகளோடு என் கதவைத் தட்டினாள். வேறு என்ன செய்ய அக்கா? உட்காரச் சொன்னேன். இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பின்னறையில், தையல் மெஷினுக்கு அப்பால், துணிக்கட்டுகளுக்கு நடுவில் இருக்கிறார்கள். மகளுக்கு ஆறு வயசு. நாள் முழுக்க என் டப்பாவில் இருக்கும் பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருக்கிறாள், அதனால் அவளுக்குப் பொத்தான் என்று பேர் வைத்திருக்கிறேன்.

எல்லாம் கொஞ்ச காலத்துக்குத்தான். மடிப்பின் தாத்தா சின்னப் பையனாக இங்கே ஒரு பள்ளியில் படித்திருக்கிறார். அந்தப் பழைய பதிவேட்டைத் தேடிச் சான்றிதழ் தரச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறோம். அங்கே இருக்கும் குமாஸ்தா நல்ல மனுஷன். அது வந்துவிட்டால் அவள் தலை நிமிர்ந்து தெருவில் நடக்கலாம், புருஷனையும் வெளியே கேட்கலாம். வருவதற்குள் பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு.

உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். மருமகளுக்குச் சொல்லாதே. பெரியவனுக்குச் சொல்லவே சொல்லாதே. பிரார்த்தனை செய் அக்கா. வாய்க்குள் செய்.

உன் தங்கை

-

மார்ச் 20

தங்கச்சிக்கு,

அக்கா. நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டுமே என்று இருக்கிறது.

உனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? படித்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன், மருமகள் வந்து கால் வலியா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். ஒளித்து வைப்பவர்களுக்கும் சிறை என்று பெரியவன் மேடையில் சொல்லியிருக்கிறான். இந்த வயசில் நீ ஜெயிலில் போய் யாருக்கு உறை தைப்பாய்?

நான்கு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் அந்த மஞ்சள் கவுன் ஞாபகம் வந்தது. அதன் இடுப்பில் ஒரு தையல் விட்டிருக்கும், பார்த்துப் போட்டுக்கொடு, பிள்ளை ஓடும்போது கிழிந்துவிடும் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அது எங்கே ஓடப்போகிறது. ஆறு வயசுப் பிள்ளை, வாசலுக்குக்கூட வராமல். அதற்குமேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வாய்க்குள் செய் என்கிறாய். நான் ஒருத்தி முணுமுணுப்பதற்கு எவ்வளவு பலம் இருக்கும்? பெரிய காரியத்தைப் பெரிதாகத்தான் கேட்க வேண்டும். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், இனி நீ கவலைப்படாதே. மருமகளுக்குச் சொல்லவில்லை. பெரியவனிடம் வாயே திறக்கவில்லை, சத்தியம்.

உன் அக்கா

-

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலமா?

‘செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்’ என்றால் என்ன செய்தாய்? அடுத்த தபாலிலேயே எழுது. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நல்ல சேதி ஒன்று. குமாஸ்தா பதிவேட்டைக் கண்டுபிடித்துவிட்டார். தாத்தா பேர், வகுப்பு, மதிப்பெண் உள்பட இருக்கிறதாம். கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று. “எங்க தாத்தா தோத்ததுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் நாங்கதான்” என்று மடிப்பு சிரித்தாள், டிசம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு. தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கிறாராம். அவர் வந்து கையெழுத்துப் போட்டால் மே நடுவில் சான்றிதழ் கையில்.

சும்மா இருக்க முடியாமல் நான் தைக்கத் தைக்க அவள் மடிக்கிறாள். ஆஸ்பத்திரியில் என் கட்டைப் பார்த்து, “என்னம்மா, இந்த வயசுல மடிப்பெல்லாம் இவ்வளவு நேரா வருது?” என்றார்கள். யோகா செய்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

பொத்தான் மஞ்சள் கவுனைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். “இதைக் குடுத்த பெரிய பாட்டிக்கு நான் லெட்டர் போடட்டா?” என்று கேட்டாள். காகிதம் வந்ததும் போடலாம் என்றேன். “எந்தக் காகிதம்? எழுதற காகிதமா?” என்றாள்.

என்ன செய்தாய் என்று எழுது அக்கா.

உன் தங்கை

-

ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே சுகம். மூவருக்கும் சுகம் உண்டாகட்டும்.

மூத்த பேத்திக்கு ஒரு பெரிய ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது, அவளுக்கென்று தனி மேசை. நடுப் பேத்தி அடுத்து இருநூறு மீட்டருக்குப் பயிற்சி எடுக்கிறாள். கடைக்குட்டி ஆயிரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டாள். உன்னை என்ன செய்தால் தகும்?

நீ கேட்டதற்குப் பதில், வேண்டிக்கொண்டேன், அவ்வளவுதான். வேண்டிக்கொள்வது குற்றமா?

பெரியவனுக்கு வேலை அதிகம், இளைத்துவிட்டான். மார்ச் கடைசி வாரம் கூடத்தில் சீட்டுகளை வாசித்துக்கொண்டே வந்தவன், ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு வாசிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தொண்டை கட்டியிருக்கும். அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டான். “சின்னப் பாட்டி எப்படி இருக்காங்க பாட்டி? தனியாத்தான் இருக்காங்களா?” என்று கேட்டான். தையல் இருக்கும்போது அவளுக்கென்ன தனிமை என்றேன். எத்தனை நாளுக்குப் பிறகு உன்னை விசாரித்தான் தெரியுமா? எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

உன் அக்கா

-

மே 11

அக்கா,

நான் இருக்கிறேன். உன் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு வந்தார்கள். ஆறு பேர். இரண்டு பேர் சட்டையில் கட்சிச் சின்னம் குத்தியிருந்தது. முன்னறையில் எதையும் தேடவில்லை, அலமாரியைத் திறக்கவில்லை. நேராகப் பின்னறைக்குப் போய்த் தையல் மெஷினை நகர்த்தினார்கள். அதிகாரி கையில் ஒரு துண்டுக் காகிதம். “பதினேழாம் நம்பர் கதவு, பின்னறை, ஒரு தாயும் ஆறு வயசுப் பொண்ணும். சரிதானேம்மா?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

மடிப்பு கையில் ஓர் உறை இருந்தது. அதை மடித்து முடித்து, கட்டின்மேல் வைத்து, தட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் எழுந்தாள். அழவில்லை. “இன்னும் கொஞ்ச நாள்ல காகிதம் வந்துடும் சார்” என்றாள். “வரட்டும்மா, அங்க வந்து காட்டுங்க” என்றார் அவர்.

பொத்தான் மேசைக்கடியில் இருந்தாள். ஒரு அம்மாள் குனிந்து, “வா கண்ணு, அங்க நிறையப் பிள்ளைங்க இருக்காங்க, விளையாடலாம்” என்று கூப்பிட்டாள். வாசலுக்குப் போனவள் திரும்பிப் பார்த்து, “பாட்டி, ஏழு ஊசில நூல் கோத்து வெச்சிருக்கேன். ரெண்டு நாளைக்கு வரும்” என்றாள்.

என்மேல் வழக்கு இல்லையாம். ஏன் என்று கேட்டேன். “மேலேருந்து சொல்லியிருக்காங்க” என்றார்கள். எனக்கு மேலே இருப்பவர்கள் யார் அக்கா?

நீ என்ன செய்தாய்? ஒரு வரி போதும்.

தங்கை

-

ஜூன் 3

மதிப்பிற்குரிய சின்னப் பாட்டி அவர்களுக்கு,

பேரன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் பூரண நலத்துடன் இருக்கப் பிரார்த்திக்கிறேன். பாட்டிக்குக் கை நடுக்கம். அதனால் அவர்கள் சார்பில் நான் எழுதுகிறேன்.

தங்கள் மனம் புண்பட்டிருக்கும் என்பதை அறிவேன். தாங்கள் செய்தது கருணையின்பாற்பட்டது என்பதை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன். ஆனால் கருணைக்கும் கரை வேண்டும். கரை இல்லாத தண்ணீர் வயலுக்குப் பாய்வதில்லை, ஊரை அழிக்கிறது. தனி மனிதரின் கருணையைவிடச் சமூகத்தின் கருணை பெரிது, அதற்குச் சட்டம் என்று பெயர்.

அவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள். இல்லத்தில் பிள்ளைகள் பிரிவு தனியாக இயங்குகிறது, கல்வி வசதியும் உண்டு. தங்கள் பெயர் எந்தப் பதிவிலும் இடம்பெறாமல் நானே பேசி ஏற்பாடு செய்தேன். சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. தங்கள் மன அமைதிக்காகக் கூடத்தில் வாராவாரம் கருணையோடு வேண்டிக்கொள்கிறோம்.

பாட்டி தங்களை மிகவும் விசாரித்தார்கள்.

தங்கள் அன்புப் பேரன்

-

ஜூன் 20

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

பெரியவன் கடிதம் வந்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. ஐந்து இடத்தில் கருணை இருந்தது, அந்தப் பிள்ளையின் வயசு ஓரிடத்திலும் இல்லை. அவனுக்கு நான் பதில் எழுதவில்லை.

சான்றிதழ் மே பதினான்காம் தேதி வந்தது. அவர்கள் போய் எட்டாம் நாள். தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எடுத்துக்கொண்டு இல்லத்து வாசலுக்குப் போனேன். வெளியே இருக்கும்போது காட்டினால்தான் செல்லுமாம், உள்ளே வந்தவர்களுக்குப் புதிதாக விண்ணப்பம் போட வேண்டுமாம். ஒரு வக்கீலைப் பிடித்துப் போட்டிருக்கிறேன். அவர்கள் முதலிலேயே காகிதத்துக்கு அலைந்தார்கள், ஒளிந்து ஏமாற்றவில்லை என்று காட்ட ஏதாவது சாட்சி இருக்கிறதா என்று கேட்கிறார். குமாஸ்தாவுக்கு நாங்கள் எழுதியது அங்கே யார் கையிலோ தொலைந்துவிட்டதாம்.

வாரத்தில் ஒருநாள் வாசலில் நிற்கிறேன். மடிப்பு பெண்கள் பக்கம், பொத்தான் பிள்ளைகள் பக்கம். நடுவில் சுவர். மடிப்பை இரண்டு தடவை பார்க்க விட்டார்கள். “பாப்பா சாப்பிடுறாளா?” என்று என்னிடம் கேட்டாள். நான் அதே கேள்வியைக் கேட்கத்தான் அவளிடம் போயிருந்தேன்.

‘பின்னறையில், தையல் மெஷினுக்கு அப்பால்’ என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் எழுதினேன்.

உன் கை நடுக்கம் நின்றதும் எழுது. அதுவரை நானும் எழுதப்போவதில்லை.

தங்கை

-

அக்டோபர் 9

என் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் கை நடுங்கவில்லை. என்றைக்கும் நடுங்கவில்லை. ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் இரண்டு எழுதினேன். மூன்றிலும் பேத்திகள் சேதிதான் வந்தது. கிழித்துவிட்டேன்.

சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டது நான். உன் மார்ச் கடிதம் வந்த ஐந்தாம் நாள். முந்நூறு பேர் ஒரே வாயாகக் கேட்டால் அந்தச் சான்றிதழ் சீக்கிரம் வந்துவிடும் என்று நினைத்தேன். பேர் போடவில்லை, ‘ஒரு தாயும் ஆறு வயசு மகளும், அவர்களுக்குக் காகிதம் வர வேண்டும்’ என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருந்தால் போதும். நான் அப்பாவின் மகள். உன் ஊர், தெரு, பதினேழாம் நம்பர் கதவு எல்லாம் எழுதினேன். தையல் மெஷினுக்கு அப்பால் பின்னறை என்றும் எழுதினேன். கடவுள் முன்னறையில் பார்த்துவிட்டு யாருமில்லை என்று போய்விடுவாரோ என்று பயம்.

அத்தனை பேர் காதில் விழுமே என்று யோசிக்கவில்லையா என்று நீ கேட்பாய். யோசித்தேன். ஒருத்தருக்காக வேண்டிக்கொண்ட வாயால் அவர்களையே காட்டிக்கொடுக்க மனுஷருக்கு வராது என்று யோசித்தேன். பெரியவன் வாசிப்பான் என்றும் தெரியும். வாசிப்பவன் வெறும் குரல்தானே, சீட்டு அவனுக்கா எழுதியது?

உன் மே கடிதம் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். எனக்குக் கை நடுக்கம் என்று உனக்கு எழுதும்படி அவனிடம் சொன்னதும் நான்தான். ஜூன் மாதம் உன் கடிதம் வந்த அன்று அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“நீயாடா?” என்றேன்.

என்ன என்றுகூடக் கேட்கவில்லை. “நான் சின்னப் பாட்டியைக் காப்பாத்தினேன் பாட்டி. வேற எவனாவது கண்டுபிடிச்சிருந்தா அவங்களுக்கு மூணு வருஷம் உள்ள. அவங்க பேரே வராம பண்ணிருக்கேன்.”

“அந்தப் பிள்ளை?”

“பிள்ளைக்கு அங்க ஸ்கூல் இருக்கு.”

“அம்மா எங்க இருக்கா?”

“பாட்டி, சட்டம்னு ஒண்ணு இருக்கு.”

“அது கடவுளுக்கு எழுதின சீட்டுடா.”

“கடவுள்தான் அதை என் கையில குடுத்தாரு” என்றான்.

பொய் சொல்லவில்லை தங்கச்சி. அவன் முகம் எனக்குத் தெரியும், நம்பித்தான் சொன்னான். சொல்லிவிட்டு, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டான். கேட்டது மனசாரத்தான். அவன் தொட்டிலில் கிடந்தபோதே ‘கருணை காட்டும்’ என்று சொல்லிக் கொடுத்தவள் நான். வார்த்தை எல்லாம் அப்படியே இருக்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை. எந்த வருஷத்தில், எந்த நாளில் அது வேறாகிப்போனது என்று உட்கார்ந்து தேடிப் பார்க்கிறேன். அவன் பரிசு வாங்கிய ஒவ்வொரு நாளிலும் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் இன்னொரு சீட்டு எழுதிப் போட்டேன். அவன் பிரித்தான், என் கோணல் எழுத்தைப் பார்த்தான், சட்டைப்பைக்குக் கொண்டுபோனான். நான் எழுந்து நின்றேன். பெண்கள் பக்கத்தில் அப்படி யாரும் எழுந்திருப்பதில்லை.

“அதை வாசி” என்றேன்.

“பாட்டி, உக்காருங்க.”

எழுதியது நான்தானே, எனக்கு மனப்பாடம். நானே சொன்னேன். “இந்தக் கூடத்துல இருக்கிற ஒரு கிழவிக்காக. இதோ இந்தப் பெட்டி வழியா ஒரு தாயையும் மகளையும் பிடிச்சுக் கொடுத்தவளுக்காக. அவங்க வெளியே வரணும். வேண்டிக்கோங்க.”

கூடம் பதில் சொல்ல வேண்டிய இடம். முந்நூறு பேரில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் தன் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். பெரியவன் அடுத்த சீட்டை எடுத்தான். யாருக்கோ தோள்பட்டை வலி. ‘கருணை காட்டும்’ என்றது கூடம், முழுக் குரலில்.

நான் வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. வீட்டில் மருமகள் மட்டும் பேசுகிறாள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். என் மகன் என்னைக் கண்டால் செய்தித்தாளை உயர்த்திக்கொள்கிறான். பெரியவனுக்குக் கட்சியில் வட்டாரப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். இதை உனக்குச் சந்தோஷமாக எழுத எனக்குத் தெரியவில்லை, எழுதாமல் இருந்தால் மறைத்ததாக ஆகிவிடும்.

இந்த உறையில் உன் மார்ச் கடிதத்தை வைத்திருக்கிறேன். கிழிக்கச் சொன்னாய், நான் கிழிக்கவில்லை. உன் எழுத்தைக் கிழித்து எனக்குப் பழக்கமில்லை. சான்றிதழுக்கு எழுதிப் போட்டிருப்பதாக நீ எழுதியது அதில் தேதியோடு இருக்கிறது. வக்கீல் கேட்ட சாட்சி அதுதானே? ஜூனிலேயே அனுப்பியிருக்க வேண்டும். அதைக் காட்டினால் நீ அவர்களை வைத்திருந்ததும் வெளியே வரும், பெரியவன் மறைத்ததும் வெளியே வரும். காட்டுவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். உனக்காக நான் முடிவு செய்தது ஒரு தடவை போதும். வக்கீல் கூப்பிட்டால் வந்து நானும் சொல்கிறேன். முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது.

என்னை மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்த மாதிரி வார்த்தைகள் தாராளமாகப் புழங்குகின்றன, அதனால் அடித்துவிட்டேன்.

பதில் எழுத உனக்கு மனசு வராது. எழுத வேண்டாம். விண்ணப்பத்துக்கு ஒரு முடிவு தெரிந்ததும் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு, அது போதும். அவர்கள் வந்துவிட்டால் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள். ஒருத்தி மட்டும் வந்திருந்தால் இரண்டு பேராக நில்லுங்கள். யாரும் வரவில்லை என்றால் நீ மட்டும் நின்று எடுத்து அனுப்பு. பின்பக்கத்தில் ஒன்றும் எழுதாதே. எத்தனை பேர் நிற்கிறீர்கள் என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா